மயிலையில் காணாமற்போன வெள்ளிக் கரண்டி



அரசர்களின் படையெடுப்புகளைப் பற்றி வரலாற்று நூல்கள் எத்தனையோ கூறுகின்றன. கோட்டைகள் விழுந்த செய்தியும், கொள்ளை போன பொன்னின் கணக்கும் அவற்றில் நிரம்ப உண்டு. ஆனால், படையோடு வந்த ஓர் அரசர், தம் பிடியில் அகப்பட்ட ஊராரின் உடைமைகளை அவரவர்க்குத் திருப்பிக் கொடுத்தபோது, ஒரு வெள்ளிக் கரண்டி குறையக் கண்டு, அதனையும் தேடிப் பிடித்து உரியவரிடம் சேர்க்க ஆணையிட்டார் என்னும் செய்தி அபூர்வமானது. அச்செய்தியை ஏட்டில் ஏற்றியவர் அவ்வரசரின் அரசவைப் புலவர் அல்லர். அவரிடம் அகப்பட்டுத் தண்டம் செலுத்தியவர்களின் இனத்தைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்க வரலாற்றாசிரியர்தான் அதை எழுதி வைத்தார். இது அதனினும் அபூர்வமானது அல்லவா?

இது நிகழ்ந்த இடம் நமக்குத் தொலைவானதன்று. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் வாழும் நம் குடும்பங்கள் ஒரு காலைப் பொழுதில் சென்று திருப்பலி கண்டு திரும்பக்கூடிய மயிலாப்பூர் சாந்தோமே அந்த இடம். வந்தவர் விஜயநகரப் பேரரசின் முழு அதிகாரத்தையும் தம் கையில் வைத்திருந்த இராமராயர். அகப்பட்டவர்கள் திருத்தூதர் தோமாவின் கல்லறையைச் சுற்றிக் குடியேறியிருந்த போர்த்துக்கீசியர்.

இக்கதையை இன்று எடுத்துரைக்க ஒரு காரணம் உண்டு. மறைக்கல்வி வகுப்பிற்கு வரும் உயர்வகுப்பு மாணவர்கள் இரண்டு வகையான கதைகளைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். "வெள்ளைக்காரக் கிறிஸ்தவர்கள் கோயில்களை இடிக்க வந்தவர்கள்" என்பது ஒரு கதை. அது பெரும்பாலும் வெளியே கேட்டது. "நம் முன்னோர் எந்தப் பாவமும் அறியாதவர்கள்; இந்நாட்டு அரசர்கள்தாம் அவர்களைத் துன்புறுத்தினார்கள்" என்பது மற்றொன்று; அது பெரும்பாலும் நம் வீடுகளிலேயே கேட்டது. இரண்டில் எது மெய் என்று பிள்ளைகள் கேட்கும்போது நாம் என்ன சொல்வது? சாந்தோமில் நடந்த இந்நிகழ்ச்சி அக்கேள்விக்கு விடை காண நல்லதொரு துணை.

ஒரு பழைய முன்மாதிரி

கிழக்கே ஒரு பேரரசர். மேற்கேயிருந்து சிலுவை அடையாளம் தாங்கி அவர் நாட்டிற்குள் வந்து இறங்கிய படையினர். இருவருக்கும் இடையே ஐயமும் மோதலும். பின்னர் அதனை இரு தரப்பாரும் இருவிதமாக எழுதி வைத்தல். இத்தகைய நிகழ்ச்சிக்குத் திருச்சபை வரலாற்றில் பெயர்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. அதனை முதலில் கண்டுகொண்டால் மயிலைச் செய்தி தெளிவாக விளங்கும்.

கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு உரோமைப் பேரரசை, அதாவது பைசாந்தியப் பேரரசை, 1081 முதல் 1118 வரை ஆண்டவர் முதலாம் அலெக்சியுஸ். துருக்கியரின் நெருக்கடியைத் தாங்க மாட்டாமல் அவர் மேற்கு நாட்டாரிடம் படையுதவி வேண்டினார். 1095-இல் திருத்தந்தை இரண்டாம் ஊர்பன் கிளர்மோன் சங்கத்தில் விடுத்த அழைப்பைக் கேட்டு முதலாம் சிலுவைப் போருக்குப் பெருந்திரள் புறப்பட்டது. பேரரசர் எதிர்பார்த்தது கூலிக்குப் போரிடும் சில படைப்பிரிவுகளை. வந்து சேர்ந்தனவோ தத்தம் பிரபுக்களுக்கு மட்டுமே கட்டுப்பட்ட பெரும்படைகள். இழந்த நகரங்களை மீட்டால் அவற்றைப் பேரரசரிடமே ஒப்படைப்பதாக அப்பிரபுக்கள் சத்தியம் செய்ய வேண்டுமென்று அலெக்சியுஸ் கேட்டார். பிரபு கோட்ப்ரே மறுத்தார். பேரரசர் உணவு வழங்குவதை நிறுத்தினார். இறுதியில் 1097-ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று, ஆண்டவர் தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூரும் அதே நாளில், நகர மதில்களுக்கு வெளியே கிறிஸ்தவரும் கிறிஸ்தவரும் ஒருவர்மேல் ஒருவர் ஆயுதம் எடுத்தனர்.

இதனை எழுதி வைத்தவர்கள் யார்? பேரரசரின் மகள் அன்னா கொம்னேனா, தந்தையின் வரலாறாகிய 'அலெக்சியாது' என்னும் நூலில் எழுதினார். அவ்வளவு புனிதமான நாளில் இரத்தம் சிந்த வேண்டாமென்று தம் தந்தை தடுத்ததாகவும், வில்லாளர்களைப் பெரும்பாலும் குறி தவறவே எய்யுமாறு பணித்ததாகவும் அவர் கூறுகிறார். மேற்கத்தியரின் லத்தீன் நூல்களோ, உணவு தேடிச் சென்ற தங்கள் ஆட்களைத் தம் கூலிப்படையை ஏவித் தாக்கச் செய்த வஞ்சகர் என்றே அலெக்சியுஸைச் சித்திரிக்கின்றன. ஒருவர் நூலில் பேரரசர் பொறுமையின் வடிவம். மற்றவர் நூலில் அவரே நயவஞ்சகத்தின் வடிவம்.

எனினும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சிலுவைப் படைத் தலைவர்களுள் அன்னா மிகவும் வெறுத்தவர் பொஹெமுந்து. அவரது வஞ்சகத்தையும் பேராசையையும் பக்கம் பக்கமாகக் கண்டித்த அதே அன்னா, அவரது உயரம், தோள்வலிமை, கம்பீரம், கூரிய அறிவு ஆகியவற்றை வியந்து எழுதாமல் இருக்க முடியவில்லை. பகைவனை வெறுத்த கை அவனுடைய சிறப்பையும் எழுதிவிட்டது. அவரது நூலில் அப்பகுதியை ஐயுறும் ஆய்வாளரைக் காண்பது அரிது. ஏனெனில் அவ்வாறு எழுதுவதால் அவருக்கு எந்த இலாபமும் இல்லை.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

மயிலையில் குடியேறியவர்கள்

பதினாறாம் நூற்றாண்டில் இப்பகுதி முழுவதும் விஜயநகரப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. பூவிருந்தவல்லியும் அதன் சுற்றுப்புறங்களும் அவ்வாட்சியைச் சேர்ந்தவையே. 1639-இல் ஆங்கிலேயர் சென்னைப்பட்டினத்தில் இடம் பெற்றபோதுகூட, அவர்களோடு பேச்சு நடத்திய தாமர்ல அய்யப்ப நாயக்கர் பூவிருந்தவல்லியில் இருந்துகொண்டுதான் இப்பகுதியைக் கவனித்து வந்தார். அவருடைய குடும்பத்தார் விஜயநகர மரபின் கடைசி மன்னர்களுக்குக் கீழ்ப்பட்ட நாயக்கர்கள்.

திருத்தூதர் தோமாவின் கல்லறை மயிலையில் இருப்பதைக் கேள்வியுற்ற போர்த்துக்கீசியர் 1517 வாக்கில் முதன்முதலாக இங்கு வந்தனர். சில ஆண்டுகளில் பாழடைந்திருந்த கோயிலைச் செப்பனிட்டு, அதனைச் சுற்றிக் குடியேறலாயினர். இவர்களுள் பலர் கோவா அரசின் பணியை விட்டு வந்து வாணிபத்தில் இறங்கிய பழைய படைவீரர்கள்; இந்நாட்டுப் பெண்களை மணந்து வாழ்ந்தவர்களும் உண்டு. மலாக்கா, பெகு முதலிய இடங்களுக்குத் துணி ஏற்றி அனுப்பிப் பொருள் ஈட்டினர். புனித சவேரியார் 1545-இல் இங்கு வந்து ஏறத்தாழ நான்கு மாதங்கள் கல்லறைக் கோயிலருகே பங்குக் குருவின் இல்லத்தில் தங்கி, செபத்திலும் ஆன்ம வழிகாட்டலிலும் ஈடுபட்டார் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. 1547-இல் பரங்கிமலையில் கற்சிலுவை கண்டெடுக்கப்பட்டது.

இவர்கள் விஜயநகர அரசின் குடிகளைப் போலவே இங்கு வாழ்ந்தனர். வலிமையான கோட்டையோ பெரும் படையோ இவர்களுக்கு அப்போது இல்லை. 1547-இல் கோவாவின் ஆளுநர் விஜயநகரத்தோடு நட்புறவு உடன்படிக்கையும் செய்துகொண்டார். அரபு நாட்டுக் குதிரைகள் விஜயநகரத்திற்குத் தேவை. விஜயநகரத்தின் வாணிபம் போர்த்துக்கீசியருக்குத் தேவை. இருவரும் ஒருவரையொருவர் அண்டி வாழ வேண்டிய நிலை.

அப்படியிருக்க, மோதல் எங்கிருந்து வந்தது?

திருமலையைக் குறிவைத்த கப்பற்படை

இங்கே நாம் மறைக்காமல் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1543-இல் கோவாவின் ஆளுநராயிருந்த மார்த்தீம் அபோன்சோ தெ சோசா ஒரு கப்பற்படையைத் திரட்டிக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். சாந்தோம் வழியாக உள்நாட்டிற்குள் சென்று, 'திரெமெலெ' என்று அவர்கள் அழைத்த திருமலைத் திருப்பதிக் கோயிலின் செல்வத்தைக் கைப்பற்றுவதே அவரது நோக்கம் என்று போர்த்துக்கீசிய நூல்களே எழுதுகின்றன. காற்றும் கடலும் இடம் கொடுக்கவில்லை. சோழமண்டலக் கரைக்கு வர இயலாமல் திரும்பிய அவர், கொல்லத்தை அடுத்த ஒரு கோயிலைக் கொள்ளையிட்டு வெறுப்பைத் தேடிக்கொண்டார்.

ஒரு கணம் சிந்திப்போம். அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலை நம் இல்லங்களின் வாசலை ஒட்டியே செல்கிறது. புரட்டாசி மாதத்தில் மஞ்சளாடை உடுத்தி, கால்நடையாக அவ்வழியே செல்லும் அண்டை வீட்டாரை ஆண்டுதோறும் காண்கிறோம். ஆவணி பிறந்து நம் மக்கள் காவியாடை உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கும்போது அதே அண்டை வீட்டார் மோரும் தண்ணீரும் தருவதையும் காண்கிறோம். அம்மக்கள் உயிரினும் மேலாகப் போற்றும் கோயிலின் பொன்னுக்கு ஆசைப்பட்டுச் சிலுவைக்கொடி பறந்த கப்பல்கள் புறப்பட்டன என்பதை மெய்யென ஒப்புக்கொள்ளும்போது நம் உள்ளம் கூசத்தான் செய்கிறது. கூசுவது நல்லதே.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். 1542-இல் புனித சவேரியாரைத் தம்முடன் அழைத்துக்கொண்டு கோவாவில் வந்து இறங்கியவர் இதே ஆளுநர்தான். ஒரே கடற்பயணத்தில் ஆன்மாக்களைத் தேடிவந்த துறவியும் வந்தார். மறு ஆண்டே பொன்னைத் தேடிக் கப்பலேறிய ஆளுநரும் வந்தார். "வெள்ளையர் அனைவரும் கொள்ளையர்" என்பாரும், "நம்மிடம் வந்தோர் அனைவரும் புனிதர்" என்பாரும் ஒருங்கே நினைவில் கொள்ள வேண்டிய உண்மை இது.

இராமராயரின் வருகை

இராமராயர் கிருஷ்ணதேவராயரின் மருமகன். சதாசிவராயர் பெயரளவில் அரசராயிருக்க, ஆட்சிப் பொறுப்பு முழுவதும் இவர் கையில் இருந்தது. 1558 என்று சிலரும் 1559 என்று சிலரும் குறிக்கும் ஆண்டில் இவர் படையுடன் மயிலையை நோக்கி வந்தார்.

காரணம் என்ன? போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர் கூறுவதன் சாரம் இது: நாகப்பட்டினம் முதல் சாந்தோம் வரையுள்ள கரையோரத்தில் முதன்முதலாக நற்செய்தியைப் போதித்த பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள், அப்பகுதியில் பல கோயில்களை இடித்துத் தள்ளினர். மனம் புண்பட்ட பிராமணர்கள் தங்கள் அரசரிடம் முறையிட்டு, தெய்வங்களின் மானத்தைக் காக்க வருமாறு வேண்டினர். சாந்தோமில் வாழ்வோரிடம் அளவற்ற செல்வம் குவிந்திருக்கிறது என்னும் பேச்சும் அவர் காதில் போடப்பட்டது.

நீதி கேட்கும் குரலும் பொன்னாசையும் ஒன்றாகக் கலந்து ஓர் அரசரை நடத்தி வந்தன. அதுவும் மனித இயல்பே.

எதிர்த்து நிற்பதால் பயனில்லை என்று கண்ட ஊரார் காணிக்கைகளுடன் அரசரை எதிர்கொண்டனர். ஊரிலுள்ளோர் அனைவரும் தத்தம் உடைமைகளுடன் தம் முன் வரவேண்டுமென்று அரசர் கட்டளையிட்டார். பொருள்கள் மதிப்பிடப்பட்டன. கேள்விப்பட்ட செல்வம் அங்கே இல்லை. இறுதியில் ஒரு இலட்சம் வராகன் தண்டமாக விதிக்கப்பட்டது. பாதியை உடனே செலுத்தி, மீதிக்குப் பிணையாக ஊர்ப் பெரியவர்கள் சிலரை அவருடன் அனுப்ப வேண்டியதாயிற்று. அதன்பின் உடைமைகள் அவரவர்க்குத் திருப்பித் தரப்பட்டன. அந்த வேளையில்தான் வெள்ளிக் கரண்டி ஒன்று காணவில்லை என்பது தெரியவந்தது. அதனையும் தேடிக் கொடுக்குமாறு அரசர் ஆணையிட்டார். ஊரைக் கொளுத்தவில்லை, குடிகளைக் கொன்று குவிக்கவில்லை, அவர்கள் தமக்கு அடங்கிய குடிகளே என்று கண்டு விட்டுச் சென்றார்.

சில ஆண்டுகளில், 1565 ஜனவரியில், தக்காணத்துச் சுல்தான்கள் ஒன்று சேர்ந்து தொடுத்த தலைக்கோட்டைப் போரில் இராமராயர் மாண்டார். விஜயநகர மாநகரம் பாழாயிற்று. அவர் தண்டித்துவிட்டு விட்டுச் சென்ற சாந்தோமோ நிலைத்தது; 1606-இல் தனி மறைமாவட்டமாகவும் உயர்ந்தது.

எழுதியவர் எத்தகையவர்?

இச்செய்திகளை நமக்குத் தந்தவர் தியோகோ தொ கோத்தோ. 1542-இல் லிஸ்பனில் பிறந்தவர். 1559-இல், அதாவது இந்நிகழ்ச்சி நடந்ததையொட்டியே, படைவீரராக இந்தியாவிற்குக் கப்பலேறினார். பின்னர் கோவாவின் ஆவணக் காப்பாளராகவும் அரசு வரலாற்றாசிரியராகவும் விளங்கி 1616-இல் கோவாவிலேயே உயிர் நீத்தார். 'தெக்காதா' எனப்படும் அவரது வரலாற்றுத் தொகுதிகளில் ஏழாவதிலே இச்செய்தி உள்ளது. அத்தொகுதியின் முதற் கைப்பிரதி போர்த்துகலுக்குச் செல்லும் வழியில் எதிரிகள் பிடித்த கப்பலோடு பறிபோக, அவர் சலியாமல் மீண்டும் எழுதினார்.

கோத்தோ மத நடுநிலையாளர் அல்லர். பிரான்சிஸ்கன் துறவிகளை மிகுந்த பக்தியோடு குறிப்பிடுபவர். இராமராயரை அஞ்ஞானி என்றே கருதியவர். எனினும் அத்துறவிகள் கோயில்களை இடித்தனர் என்பதை மறைக்கவில்லை. அந்த 'அஞ்ஞானி' அரசரின் நீதி நேர்மையையும் மறைக்கவில்லை. தம் நாட்டு அதிகாரிகளின் இலஞ்சத்தையும் பேராசையையும் கடுமையாகச் சாடி அவர் எழுதிய இன்னொரு நூல், அவர் இறந்து நெடுங்காலத்திற்குப் பின், 1790-இல்தான் அச்சேறியது.

இதே செய்தியைப் பின்வந்தோர் எவ்வாறு கையாண்டனர் என்பதும் நோக்கத்தக்கது. சென்னை அரசின் ஆங்கில அதிகாரியாயிருந்த இராபர்ட் சிவெல், 1900-இல் வெளியிட்ட 'மறக்கப்பட்ட பேரரசு' என்னும் விஜயநகர வரலாற்றில் கோயில்கள் இடிபட்டதையும், பிராமணர் முறையிட்டதையும், அரசர் ஊராரை மன்னித்து விட்டதையும் சுருக்கமாகக் குறித்தார். இயேசு சபைக் குருவும் பம்பாய் புனித சவேரியார் கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியருமான ஹென்றி ஹேராஸ், 1927-இல் வெளியிட்ட 'விஜயநகரத்தின் அரவீட்டு வமிசம்' என்னும் நூலில் இதனை விரிவாக ஆராய்ந்தார். அண்மைக் காலத்தில் சஞ்சய் சுப்ரமணியம் 1990-இல் வெளியிட்ட நூலொன்றில், மயிலைப் போர்த்துக்கீசியரின் வாணிப வாழ்வை மையமாக வைத்து எழுதினார். ஒருவர் பேரரசின் வரலாற்றைத் தேடினார். ஒருவர் அரச வமிசத்தைத் தேடினார். ஒருவர் வணிகரைத் தேடினார். தேடியதற்கேற்ப ஒவ்வொருவர் நூலிலும் ஒவ்வொரு பக்கம் வெளிச்சம் பெற்றது.

ஹேராஸ் அடிகளாரின் செயல் நம் கவனத்திற்கு உரியது. அவர் கத்தோலிக்கக் குரு. நம்மவருக்குப் பெருமை தராத செய்தியைக் கண்டபோது அதனைத் தாண்டிச் சென்றிருக்கலாம், கேட்பார் இல்லை. அவ்வாறு செய்யாமல் ஆவணத்தைத் தேடி எடுத்து, இந்து அரசர் ஒருவரின் வரலாற்றில் அதற்குரிய இடத்தைத் தந்தார்.

எந்தச் சாட்சியை நம்புவது?

நீதிமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. தனக்கு இலாபம் தரும் வாக்குமூலத்தை நீதிபதி ஐயத்தோடு நோக்குவார். தனக்கு நட்டம் தரும் வாக்குமூலத்தை எளிதில் தள்ளமாட்டார். வரலாற்றுக்கும் இவ்விதி பொருந்தும். தம் தந்தையின் பொறுமையைப் பற்றி அன்னா எழுதியதை நாம் ஆராய்ந்து கொள்ள வேண்டும்; பகைவன் பொஹெமுந்தின் சிறப்பைப் பற்றி எழுதியதை நம்பலாம். போர்த்துக்கீசியரின் வீரத்தைப் பற்றி கோத்தோ எழுதியதை ஆராய்ந்து கொள்ள வேண்டும்; அவர்கள் இடித்த கோயில்களைப் பற்றியும், இராமராயர் தேடச் சொன்ன கரண்டியைப் பற்றியும் எழுதியதற்குத் தனி மதிப்பு உண்டு.

விவிலியமே இதற்கு நமக்கு ஆசான். பண்டைய அரசர்கள் கல்லில் வெட்டியவை பெரும்பாலும் தம் வெற்றிகளையே. சாமுவேல் ஆகமமோ, தாவீது அரசர் உரியாவின் மனைவியைக் கவர்ந்ததையும், அவனைப் போர்முனையில் மடியச் செய்ததையும், இறைவாக்கினர் நாத்தான் அரசர் முகத்திற்கு நேரே அதனைக் கண்டித்ததையும் ஒளிக்காமல் எழுதியுள்ளது. முதல் திருத்தந்தையான இராயப்பர் சேவல் கூவுமுன் ஆண்டவரை மறுதலித்ததை நான்கு நற்செய்தியாளரும் எழுதினர். தன் தலைவர்களின் குறையைத் தானே எழுதி வைத்த நூலை நாம் ஞாயிறுதோறும் பீடத்தருகே நின்று வாசிக்கிறோம்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. கரண்டியைத் தேடியதைக் கொண்டு இராமராயரைப் புனிதராக்கிவிடவும் கூடாது. எண்ணிய செல்வம் அங்கில்லை என்று கண்ட பின்னும் ஒரு இலட்சம் வராகன் கேட்டவர் அவர். அதைத் திரட்ட எத்தனை வீட்டு நகைகள் போயினவோ, பிணையாகச் சென்றவர்களின் மனைவி மக்கள் எத்தனை இரவு உறங்காதிருந்தனரோ, அதனை எவரும் எழுதவில்லை. இடிபட்ட கோயில்களின் வாசலில் நின்று அழுதவர்களின் பெயர்களும் எழுதப்படவில்லை. இருபுறத்து ஆட்சியாளரின் கணக்கு நமக்குக் கிடைக்கிறது; இருபுறத்து ஏழைகளின் கண்ணீர் கிடைப்பதில்லை. வரலாற்றை வாசிக்கும் கிறிஸ்தவன் அந்த வெற்றிடத்தையும் மனத்தில் கொள்ளக் கடமைப்பட்டவன்.

திருச்சபை காட்டிய வழி

சிலுவைப் போர்களின் கதை 1097-ஆம் ஆண்டுப் பெரிய வியாழனோடு முடியவில்லை. 1204 ஏப்ரலில் நான்காம் சிலுவைப் படையினர் கான்ஸ்டாண்டிநோபிளையே தாக்கிச் சூறையாடினர், ஆலயங்களும் தப்பவில்லை. அதனை நேரில் கண்ட கிரேக்க வரலாற்றாசிரியர் நிக்கேத்தாஸ் கோனியாத்தேஸ், இசுலாமியர்கூட எருசலேமில் இதைவிட இரக்கம் காட்டினர் என்று மனம் நொந்து எழுதினார். திருத்தந்தை மூன்றாம் இன்னோசென்ட் படையினரின் கொடுமையைக் கடுமையாகக் கடிந்துகொண்டார். எனினும் கிழக்குச் சபையாரின் நெஞ்சில் அப்புண் ஆறவில்லை.

ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் சென்றன. 2001 மே 4-ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஏதென்ஸ் நகரில் கிரேக்க சபைத் தலைவர் முன்னிலையில், கத்தோலிக்கரின் குற்றங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டி, 1204-இன் சூறையாட்டத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். 2004 நவம்பரில் புனித கிரகோரியார், புனித பொன்வாய் அருளப்பர் ஆகியோரின் திருப்பண்டங்களைக் கான்ஸ்டாண்டிநோபிள் சபைத் தலைவரிடம் ஒப்படைத்தார்.

இதனால் திருச்சபை சிறுமைப்பட்டதா? இல்லை. அன்று அரங்கில் ஏதென்ஸ் ஆயர்கள் கைதட்டி வரவேற்றனர். எண்ணூறு ஆண்டு வாதங்கள் சாதிக்காததை ஒப்புக்கொண்ட ஒரு சொல் சாதித்தது.

நம் வீடும் நம் பங்கும்

பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு வருவோம். "கிறிஸ்தவர்கள் கோயில்களை இடித்தார்களா?" என்று ஒரு மகன் கேட்டால், "ஆம், சிலர் அவ்வாறு செய்தனர், அது தவறு, அதை எழுதி வைத்தவரும் கிறிஸ்தவரே" என்று பெற்றோர் அஞ்சாமல் சொல்லலாம். "இந்நாட்டு அரசர்கள் நம்மை ஒடுக்கினார்களா?" என்று கேட்டால், "ஓர் அரசர் தண்டம் வாங்கினார், ஆனால் ஒரு கரண்டிகூடக் களவு போக விடவில்லை" என்று சொல்லலாம். இவ்விரண்டையும் சேர்த்துக் கேட்டு வளரும் பிள்ளை வெளியே எந்த மேடைப் பேச்சைக் கேட்டாலும் தடுமாறாது. அண்டை வீட்டுப் பிள்ளையைப் பகைவனாகவும் பாராது.

இன்னொன்றையும் பங்குப் பெரியவர்களிடம் சொல்ல விரும்புகிறோம். தொழிற்பேட்டைகள் வந்த பின் பெருகிய நம் பகுதிப் பங்குகள் பலவற்றில் வெள்ளி விழாக்களும் பொன் விழாக்களும் தொடர்ந்து வருகின்றன. விழா மலர்கள் அச்சாகின்றன. அவற்றில் பங்கு வரலாறு என்று ஒரு கட்டுரை தவறாமல் இருக்கும்: நிலம் வாங்கியது, அடிக்கல் நாட்டியது, மணிக்கோபுரம் எழுந்தது, ஆயர் வந்து மந்திரித்தது. எல்லாம் இனிய செய்திகளே. ஆனால் அன்பியங்களுக்குள் எழுந்த பிணக்கு, சாதியின் பேரால் கல்லறைத் தோட்டத்திலும் தேர்த் திருவிழாவிலும் நேர்ந்த பிரிவினை, தூம்பாத் தேருக்கு யார் தோள் கொடுப்பது என்று நடந்த சச்சரவு, இவற்றைப் பற்றி ஒரு வரியும் இராது. அதேபோல, கோயில் கட்டும்போது தன் கிணற்றிலிருந்து தண்ணீர் தந்த இந்துக் குடும்பத்தையோ, திருவிழா இரவில் தன் கடை விளக்கை அணைக்காமல் வைத்த இசுலாமிய வணிகரையோ பற்றியும் எவரும் எழுதுவதில்லை.

பங்கின் குறிப்பேட்டை எழுதும் குருக்களும், விழா மலருக்குக் கட்டுரை தரும் ஆசிரியப் பெருமக்களும் இவ்விரண்டையும் எழுத முன்வர வேண்டும். யாரையும் பெயர் சொல்லிப் புண்படுத்த வேண்டியதில்லை. பிணக்கு இருந்தது, அது இவ்வாறு தீர்ந்தது, அல்லது இன்னும் தீரவில்லை என்று எழுதினால் போதும். பிறர் செய்த நன்மையையும் அது எவ்வளவு சிறிதாயினும் எழுத வேண்டும். கோத்தோ ஒரு பேரரசின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தவர். கப்பல்களையும் கோட்டைகளையும் பற்றி எழுத அவருக்கு ஏராளம் இருந்தது. அவற்றினிடையே ஒரு வெள்ளிக் கரண்டிக்கும் இடம் ஒதுக்கினார். அதனால்தான் நானூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் இராமராயரின் நேர்மையை நாம் அறிகிறோம்.

நம் பங்குகளின் ஏடுகளைப் பிற்காலத்தில் புரட்டிப் பார்ப்பவர்கள் நம்மைப் பற்றி என்ன அறியப் போகிறார்கள் என்பது, இன்று நாம் எதை எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது.